காக்பேனி: காற்றுக்காகக் கட்டப்பட்ட ஊர்

நேபாளத்திலுள்ள முக்திநாத்துக்குச் செல்லும் தமிழ் யாத்திரிகர்களில் பலர் காக்பேனியை ஜீப்பின் ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறார்கள். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்று வைணவர்கள் போற்றும் தலம் மேலே 3,700 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் காத்திருக்கும்போது, மண்சுவர் வீடுகள் நெருங்கி நிற்கும் ஒரு சிற்றூரில் இறங்குவானேன் என்று தோன்றுவது இயல்புதான். அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் 5,416 மீட்டர் உயரத்திலுள்ள தோரோங் லா கணவாயைக் கடந்து இறங்கி வந்த நானும், முழங்கால் வலியால் மட்டுமே அங்கே இரண்டு இரவுகள் தங்கினேன்.

அந்த ஊரைப் புரிந்துகொள்ள முதலில் காற்றைப் புரிந்துகொள்ள வேண்டும். வடக்கே முஸ்தாங்கின் வறண்ட மேட்டுநிலம் வெயிலில் சூடேறியதும், தவளகிரி, அன்னபூர்ணா மலைகளுக்கு இடையே காளி கண்டகி ஆறு அறுத்த பள்ளத்தாக்கின் வழியாகத் தெற்கிலிருந்து காற்று இழுக்கப்படுகிறது. நண்பகலுக்குப் பிறகு அது மணலை வாரி முகத்தில் அறையும் என்பதால், அருகிலுள்ள ஜோம்சோமுக்கு விமானங்கள் காலையில்தான் வருகின்றன. காக்பேனியின் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதும், சில சந்துகள் வீடுகளுக்கு அடியிலேயே சுரங்கம்போல் நுழைந்து செல்வதும் இந்தக் காற்றுக்கு அஞ்சித்தான் என்று நினைக்கிறேன். மலைகள் மழையை மறைத்துவிடுவதால் கூரைகள் தட்டையான மண்கூரைகள். அவற்றின் விளிம்பில் விறகு அடுக்கியிருக்கிறார்கள். ஊரைக் காக்கக் களிமண்ணால் செய்த ஒரு கிழவனும் கிழவியும் இருக்கிறார்கள். ஜோங் ஆறு காளி கண்டகியோடு கலக்கும் துறையில் இந்துக்கள் முன்னோர்க்குப் பிண்டம் இடுகிறார்கள். சற்றுத் தள்ளி, 1429இல் நிறுவப்பட்ட பௌத்த மடாலயம்.

காற்றுக்குக் கணக்குப் பார்த்துக் கட்டிய ஊரை நீர் வந்து தாக்கியது. 2023 ஆகஸ்ட் 13 அன்று, வழக்கத்துக்கு மாறாகப் பெய்த கனமழையால் ஜோங் ஆறு சேறும் பாறையுமாகப் பெருக்கெடுத்து, கரையோர வீடுகளையும் பாலத்தையும் அடித்துச் சென்றது. எச்சரிக்கை கிடைத்து மக்கள் மேட்டுக்கு ஏறியதால் உயிர்கள் தப்பின.

நான் தங்கிய விடுதியின் உரிமையாளரை எல்லோரும் தீதி என்று அழைத்தார்கள். அக்கா என்று பொருள். இப்போதெல்லாம் மழை வலுத்தால் மண்கூரை ஒழுகுகிறது என்று அவர் சொன்னபோது, தகரம் போடலாமே என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஜன்னல் கதவைத் தாழிட்டார். வெளியே பிற்பகல் காற்று தொடங்கியிருந்தது.