கோணல் ஊர்

அந்த வீட்டின் கதவு நிலை நன்றாகவே சாய்ந்திருந்தது. கதவையும் அதே சாய்வுக்கு அறுத்துப் பொருத்தியிருந்தார்கள். வீட்டுக்கார அம்மா காய்கறிப் பையோடு வந்தார், திறந்தார், உள்ளே போய்ச் சாத்தினார். கச்சிதமாக மூடியது!

இங்கிலாந்தில், சஃபோக் மாவட்டத்து லாவன்ஹம். லண்டனிலிருந்து காலையில் கிளம்பினால் சட்பரி வரை ரயில், அப்புறம் பஸ்.

இங்கே நேராக நிற்கும் வீட்டைத்தான் தேட வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் காயாத பச்சை ஓக் மரத்திலேயே சட்டம் கட்டிவிட்டார்கள். குடிவந்த பிறகு மரம் உலர்ந்து, தன் இஷ்டத்துக்கு முறுக்கிக்கொண்டது.

கம்பளித் துணியில் கொழித்த ஊர் இது. வோட் என்ற செடியின் சாயத்தில் தோய்த்த நீலத் துணிக்கு அவ்வளவு புகழ். 1520களின் வரிக் கணக்குப்படி நாட்டின் முதல் 20 பணக்கார ஊர்களில் ஒன்று. 141 அடித் தேவாலயக் கோபுரம், 1530 வாக்கில் எழுந்த கில்டுஹால் என்ற சங்க மண்டபம் எல்லாம் அந்தக் காசு.

பிறகு கோல்செஸ்டரில் குடியேறிய டச்சு நெசவாளர்கள் மெல்லிய, மலிவான துணி நெய்தார்கள். லாவன்ஹம் படுத்துவிட்டது.

மற்ற ஊர்களில் பழைய வீட்டை இடித்துச் செங்கல்லில் கட்டியபோது, இவர்களிடம் அதற்குப் பணமில்லை. நாங்கள் எல்லோரும் முண்டியடித்துப் படம் எடுத்தது அந்த இல்லாமையைத்தான். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

சரி, இப்போது இங்கே வீடு என்ன விலை என்று ஒரு வீட்டுத் தரகர் கடைக் கண்ணாடியில் பார்த்தேன். பேசாமல் டீ குடிக்கப் போய்விட்டேன்.