கடை வளர்கிறது, ஹோஸ்டிங் தாங்குமா?

வேர்ட்பிரஸ் தளத்தை இணையக் கடையாக்கும் வூகாமர்ஸில் கடை நடத்துபவர்கள் ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் சர்வர் சேவை) மாற்ற நினைத்ததும் முதலில் பார்ப்பது டிஸ்க் எத்தனை ஜிபி, பேண்ட்வித் எவ்வளவு என்பதைத்தான். நடுத்தரக் கடைகள் இந்த இரண்டால் படுப்பது அபூர்வம். ஒரே நேரத்தில் எத்தனை பிஎச்பி ப்ராசஸ் (பக்கத்தைத் தயாரிக்கும் நிரலின் ஓட்டம்) ஓடலாம், அவற்றுக்கு எத்தனை சிபியு கோர் கிடைக்கும் என்பதைக் கேளுங்கள். விலைப்பட்டியலில் இவை பெரிய எழுத்தில் இருக்காது.

முகப்பும் பொருள் பக்கங்களும் கேஷிலிருந்தே (தயாராகச் சேமித்த பிரதியிலிருந்தே) போய்விடும். கார்ட், செக்அவுட், மை அக்கவுண்ட் மூன்றும் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் கேஷ் செய்ய முடியாது. பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் என்ட்ரி ப்ராசஸ் (ஒரே நேரத்தில் ஏற்கும் கோரிக்கைகள்) 20, சிபியு 1 கோர் என்று வைத்துக்கொள்வோம். செக்அவுட்டுக்கு அரை விநாடி சிபியு வேலை இருந்தால், விநாடிக்கு இரண்டு பக்கம்தான் வெளியே வரும். ஆடித் தள்ளுபடிச் செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் விநாடிக்கு ஐந்து பேர் கார்ட்டுக்கு வந்தால், ஏழாவது விநாடியில் வரிசை நிரம்பி 508 பிழை (வரம்பு எட்டிவிட்டது என்ற செய்தி) விழத் தொடங்கும். அந்தப் பிழையைப் பார்ப்பவர் பணம் கட்ட வந்தவர். வேடிக்கை பார்க்க வந்தவருக்குக் கடை பெரும்பாலும் நன்றாகவே திறக்கும். முகப்பை மட்டும் திறந்து பார்க்கும் உரிமையாளருக்கும் அப்படித்தான்.

மாற்றுவதற்கு முன் ஹோஸ்டிங்கின் நிர்வாகப் பக்கமான சிபேனலில் ரிசோர்ஸ் யூசேஜ் பக்கத்தைத் திறந்து, விற்பனை நாட்களில் ஃபால்ட்ஸ் (வரம்பை முட்டிய தடவைகள்) எண்ணிக்கை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஆள் இல்லாத நேரத்தில் கார்ட் பக்கத்தைத் திறந்து, க்ரோம் டெவலப்பர் டூல்ஸின் நெட்வொர்க் பகுதியில் முதல் பைட் வர ஆகும் நேரத்தைப் பாருங்கள். அப்போதே இரண்டு விநாடி ஆகிறதென்றால் குற்றம் பெரும்பாலும் ப்ளகின்களில் இருக்கும், அல்லது வேர்ட்பிரஸ் அமைப்புகளைச் சேமிக்கும் ஆப்ஷன்ஸ் டேபிளில் குவிந்த, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏற்றப்படும் ஆட்டோலோட் தரவில். அதைச் சரிசெய்யாமல் பெரிய சர்வர் வாங்குவது வீண் செலவு.

வாடிக்கையாளர்கள் இந்தியாவில் இருந்தால் சர்வரும் மும்பையிலோ பெங்களூரிலோ இருக்கட்டும். அமெரிக்காவுக்கு ஒருமுறை போய்த் திரும்பவே 200 மில்லிவிநாடிக்கு மேல் ஆகும். புது எச்டிடிபிஎஸ் இணைப்பில் முதல் பைட்டுக்கு முன் அந்தப் பயணம் மூன்று முறையாவது நடக்கும். 600 மில்லிவிநாடி அங்கேயே போய்விடுகிறது. சிடிஎன் (பல ஊர்களில் பிரதி வைத்துத் தரும் சேவை) போட்டால் படங்கள் வேகமாக வரும், கார்ட் வராது.

அடுத்த படி விபிஎஸ், அதாவது உங்களுக்கென ஒதுக்கிய மெய்நிகர் சர்வர். 2 கோர், 4 ஜிபி நினைவகத்தில் தொடங்கலாம். ஆனால் நினைவகத்தைப் பங்கு போடத் தெரிய வேண்டும். இயங்குதளத்துக்கும் வெப் சர்வரான எஞ்சின்எக்ஸுக்கும் அரை ஜிபி, டேட்டாபேஸான மரியாடிபிக்கு ஒன்றேகால் ஜிபி, தரவை நினைவகத்தில் கேஷ் செய்யும் ரெடிஸுக்குக் கால் ஜிபி. மீதி இரண்டு ஜிபி பிஎச்பிக்கு. ஒரு ப்ராசஸ் 100 எம்பி வரை எடுக்கலாம், ஆகவே மேக்ஸ் சில்ட்ரன் (பிஎச்பி ப்ராசஸ்களின் உச்ச எண்ணிக்கை) அளவை 15 முதல் 18 வரை வையுங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று 50 வைத்தால், கூட்டம் வரும் நாளில் நினைவகம் தீரும், லினக்ஸ் கெர்னல் பெரிய ப்ராசஸாகப் பார்த்துக் கொல்லும், அது அநேகமாக டேட்டாபேஸாகத்தான் இருக்கும். தளம் முழுவதும் டேட்டாபேஸ் இணைப்புப் பிழை காட்டும். மரியாடிபி தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் பஃபர் பூல் இயல்பாக 128 எம்பிதான். அதை 1 ஜிபியாக உயர்த்தாவிட்டால் கொடுத்த பங்கு பயன்படாது.

அமேசானின் லைட்செயில் போன்ற, சிபியுவைச் சேமித்துத் தேவைப்படும்போது செலவிடும் பர்ஸ்ட் வகைத் திட்டங்களில் இன்னொரு சிக்கல்: சேமித்த சிபியு அளவு தீர்ந்ததும் வேகம் அடிப்படை அளவுக்கு இறங்கிவிடும். அது நடப்பது நெரிசலான நாளில்தான். இரவு பதினொரு மணிக்கு லாக் படித்துச் சரிசெய்ய ஆள் இல்லையென்றால், கூடுதல் பணம் கொடுத்து சர்வரை நிறுவனமே பராமரிக்கும் மேனேஜ்டு திட்டமே எடுங்கள். விலையை ஒப்பிடும்போது முதல் ஆண்டுச் சலுகையை விட்டுவிட்டுப் புதுப்பிப்புக் கட்டணத்தையும் 18% ஜிஎஸ்டியையும் சேர்த்துப் பாருங்கள்.

பேக்கப் வேறொரு நிறுவனத்தில், வேறொரு ஊரில் இருக்க வேண்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். கோப்புகளை நாளுக்கு ஒருமுறை எடுத்தால் போதும். ஆர்டர்கள் இருக்கும் டேட்டாபேஸை மணிக்கு ஒருமுறை எடுங்கள். மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறிடத்தில் நிறுவித் திறந்து பார்த்துவிடுங்கள்.

இடம் மாற்றும்போது அதிகம் கெடுவது ஆர்டர்கள். இரண்டு நாள் முன்பே டிஎன்எஸ் டிடிஎல்லை (தளத்தின் முகவரியை மற்ற கணினிகள் நினைவில் வைக்கும் நேரம்) 300 விநாடிக்குக் குறைத்துவிடுங்கள். மாற்றும் நேரத்தில் பழைய கடையை மெயின்டனன்ஸில் போட்ட பிறகுதான் டேட்டாபேஸின் கடைசிப் பிரதியை எடுக்க வேண்டும். திறந்தே விட்டால் சில ஆர்டர்கள் பழையதிலும் சில புதியதிலும் விழும். ஆர்டர் எண்களே மோதிக்கொள்ளும். நேம்சர்வரை (டொமைனின் எல்லா டிஎன்எஸ் பதிவுகளையும் வைத்திருப்பது) மாற்றாமல், தளத்தின் ஐபி முகவரியைச் சொல்லும் ஏ ரெக்கார்டை மட்டும் மாற்றினால், வேறு நிறுவனத்தில் இருக்கும் மெயில் தப்பிக்கும். எஸ்எம்எஸ், கூரியர் சேவைகளில் பழைய ஐபி முகவரியை மட்டும் அனுமதித்திருந்தால் புதியதைச் சேருங்கள். அன்றைக்கே பேமென்ட் கேட்வே கணக்கையும் பெண்டிங் ஆர்டர்களையும் ஒப்பிட்டு, பணம் பிடித்தும் ஆர்டர் நகராதவற்றைக் கையால் சரிசெய்யுங்கள். பழைய ஹோஸ்டிங்கை ஒரு வாரம் வைத்திருங்கள். அதன் ஆக்சஸ் லாக்கில் வாடிக்கையாளர் வருகை நின்றதும் கடைசியாக ஒரு முழுப் பிரதி எடுத்துக்கொண்டு ரத்து செய்யலாம்.