குரோனிங்கன்: மாட்டுப் புல்லில் பறவை பார்ப்பது

நெதர்லாந்தின் வடக்கு மூலையில் இருக்கும் குரோனிங்கனுக்கு ஒரு வருடம் வருகை ஆய்வாளராக வந்தால், முதல் மாதம் காகித வேலையிலேயே போய்விடும். நகராட்சிப் பதிவு, அடையாள எண், அது கிடைத்தால்தான் வங்கிக் கணக்கு, நடுவில் வாடகை அறைக்கு அலைச்சல். இதையெல்லாம் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதற்கு அப்புறம் வரும் பிரச்சினையைத்தான் யாரும் சொல்வதில்லை. சனி, ஞாயிறு என்ன செய்வது?

வேதியியல்காரர்களுக்கு இந்தப் பல்கலைக்கழகம் ஒரு கனவு. மூலக்கூறு மோட்டார்களுக்காக 2016-இல் நோபல் பரிசு பெற்ற பென் ஃபெரிங்கா இங்கேதான் இருக்கிறார். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஆய்வகம் காலி. கூட வேலை பார்ப்பவர்கள் அன்பானவர்கள்தான். ஆனாலும் ஒருவர் வீட்டுக்குப் போய் ஒரு காபி குடிக்க இரண்டு வாரம் முன்னாலேயே நாள் குறிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் ஊரிலிருந்து கொண்டுவந்த தொலைநோக்கியும் செகண்ட் ஹேண்ட் சைக்கிளும் இருந்தது நல்லதாகப் போயிற்று.

நம் ஊரில் பறவை பார்க்கப் போவது என்றால் வேடந்தாங்கல், கூந்தன்குளம், கோடியக்கரை என்று ஒரு ஏரியோ காடோ கடற்கரையோ இருக்கும். இங்கே போகிற இடம் மாட்டுப் புல்வெளி. பல்கலைக்கழகத்தின் ஸெர்னிகே வளாகம் ஊரின் வடமேற்கு ஓரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டினால் ரைட்டீப் ஆற்றையொட்டிப் புல்வெளிகள்தான். கார்ன்வேர்ட் கிராமம் வரை சைக்கிளில் நிதானமாகப் போகலாம். வழியெல்லாம் தட்டை நிலம். அதில் எங்காவது ஒரு மேடு தெரிந்தால் அது இயற்கையாக வந்ததில்லை. கடலுக்குக் கரை கட்டத் தெரியாத காலத்தில், வெள்ளத்துக்குப் பயந்து மண்ணைக் கொட்டிக் கொட்டி உயர்த்திய ஊர் மேடு. பக்கத்திலுள்ள ஏசிங்கே கிராமம் அப்படி 2,000 வருடங்களுக்கும் மேலாக மேட்டில் இருக்கிறது.

மார்ச் மாதம் இந்தப் புல்வெளிகளுக்குக் கருவால் மூக்கன்கள் வந்து சேரும். கோடியக்கரைச் சேற்றில் குளிர்காலத்தில் சாம்பல் நிறமாக, நீண்ட அலகைக் குத்திக்கொண்டு நிற்கும் அதே இனம்தான். ஆனால் நமக்கு வருபவை ஆசியப் பக்கத்துக் கூட்டங்கள். இங்கே முட்டையிடுபவை குளிர்காலத்தை மேற்கு ஆப்பிரிக்காவிலும் ஸ்பெயின், போர்ச்சுகலிலும் கழிப்பவை. அங்கேயும் நெல் வயலில்தான் மேய்கின்றன என்பது தஞ்சாவூர்க்காரனான எனக்குப் பிடித்த விஷயம். வசந்தத்தில் கழுத்தும் மார்பும் செங்கல் நிறமாகிவிடும். நம் ஊரில் பார்க்கக் கிடைக்காத இன்னொன்று, வேலிக் கம்பத்தின் மேல் நின்றுகொண்டு கத்தும். சேற்றுப் பறவை கம்பத்தின் மேல் நிற்பதைப் பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

2015-இல் இந்த நாட்டு மக்கள் வாக்களித்து இதைத் தேசியப் பறவையாக்கினார்கள். அப்படியும் எண்ணிக்கை சரிந்துகொண்டே வருகிறது. அறுபதுகளில் ஒரு லட்சம் ஜோடிக்கும் மேல் இருந்தது, இப்போது 30,000 பக்கம் வந்துவிட்டது என்கிறார்கள். காரணம், புதிதாக வருகிறவர்கள் படம் எடுத்துப் போடும் அந்தப் பச்சைதான். பால் பண்ணைக்காக நீரை வடித்து, உரமிட்டு, ஒரே வகைப் புல்லை வளர்க்கிறார்கள். மே மாதத்திலேயே முதல் அறுப்பு. அப்போது குஞ்சுகளுக்கு ஒழுங்காகப் பறக்கவும் தெரியாது. அடர்ந்த புல்லில் அவற்றால் நடக்க முடியாது, தின்னப் பூச்சியும் கிடைக்காது. கடைசியில் அறுக்கும் இயந்திரம் வந்துவிடும். குட்டையும் நெட்டையுமாக, மஞ்சள் பூவும் களையும் கலந்து, நடுவில் தண்ணீர் தேங்கிச் சொதசொதவென்று கிடக்கும் நிலம்தான் பறவைக்கு நல்ல நிலம். சில வாரங்கள் போய் வந்தாலே இந்தக் கணக்கு கண்ணுக்குப் பழகிவிடும். ஜன்னலோர இருக்கையில் ரயிலில் போகும்போதுகூட, இது பறவை நிலம், இது வெறும் பால் நிலம் என்று பிரித்துக்கொண்டே வருகிறேன்.

விவசாயிகளை மட்டும் குறை சொல்லி ஒன்றும் ஆகாது. ஜூன் வரை அறுக்காமல் விடுகிறவர்களுக்கு அரசு ஈட்டுத்தொகை தருகிறது. சிலர் வாங்கிக்கொண்டு செய்கிறார்கள், சிலருக்குக் கட்டுப்படியாகவில்லை. ஊர்த் தன்னார்வலர்கள் கூட்டைத் தேடி இரண்டு பக்கமும் மூங்கில் குச்சி நடுகிறார்கள், டிராக்டர் ஓட்டுபவர் அதைப் பார்த்து ஒதுங்கிப் போக. அப்படிக் குச்சிக் கட்டோடு போன ஒரு ஓய்வுபெற்ற பெரியவர்தான் இங்கே எனக்குக் கிடைத்த முதல் நண்பர். நண்பராக நாள் குறிக்கத் தேவைப்படவில்லை. வரப்போரம் சைக்கிளை நிறுத்தி "மோய்" என்று வணக்கம் சொன்னேன். இந்த வட்டாரத்தில் காலையானாலும் ராத்திரியானாலும் அது ஒன்றுதான் வணக்கம். அவர் பதிலுக்குத் தன் ஸ்கோப்பை, அதாவது முக்காலியில் நிற்கும் தொலைநோக்கியை, என் பக்கம் திருப்பி, "காலைப் பாருங்கள்" என்றார்.

பறவையின் காலில் வண்ண வளையங்கள். இந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களே மாட்டியவை. எந்தக் காலில் எந்த நிறம், எந்த வரிசை, கொடி மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது எங்கே என்று குறித்து அனுப்பினால், அந்தப் பறவை எங்கே பிறந்தது, யார் யார் எங்கே பார்த்தார்கள் என்று பதில் வரும். புல்லுக்குள் கால் தெரியாது. கம்பத்தில் ஏறும் வரை காத்திருக்க வேண்டும், ஏறியதும் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொள்ளும். அப்படிக் காத்திருந்த நேரத்தில்தான் அவரிடம் கொஞ்சம் டச்சும் கற்றுக்கொண்டேன். நிறங்களின் பெயர்களும் இடது, வலதும் முதலில் வந்தன. கடையில் காய் வாங்கத் தேவையானது அதற்கு அப்புறம்தான்.

இன்னொரு உலகம் லாவர்ஸோக். குரோனிங்கனிலிருந்து பஸ் இருக்கிறது. அங்கே கடலின் ஒரு கையை 1969-இல் அணை போட்டு மூடி ஏரியாக்கிவிட்டார்கள். அணையின் ஒரு பக்கம் நன்னீர், மறுபக்கம் வாடன் கடல். 2009-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த சேற்றுக் கடல் அது. இங்கே கடிகாரத்தைப் பார்த்துப் போய்ப் பயனில்லை, ஓதத்தை, அதாவது கடல் நீர் ஏறி இறங்குவதைப் பார்த்துப் போக வேண்டும். நீர் வற்றினால் பறவைகள் கிலோமீட்டர் கணக்கில் சேற்றுக்குள் போய்ப் புள்ளியாகிவிடும். நீர் ஏற ஏற அதுவே அவற்றைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும். ஓதம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் போன வாரம் வாய்த்த நேரத்தை நம்பி இந்த வாரம் கிளம்ப முடியாது.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அணை மேல் நின்றால் ஸ்கோப் ஆடும், கண்ணில் நீர் வழியும். ஆகவே எல்லோரும் கரையின் காற்று மறைவான சரிவில் வரிசையாக உட்கார்ந்து ரொட்டியும் சீஸும் தின்கிறார்கள். நான் எலுமிச்சை சாதம். குடிக்க, இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும் மோரில் இஞ்சியும் உப்பும் போட்டுக் கொண்டுபோவேன். அவர்களும் மோர் குடிக்கிறவர்கள்தான், ஆனால் அதில் இஞ்சி என்றதும் முகம் சுருங்கிவிடுகிறது.

லாவர்ஸோக்கிலிருந்து 45 நிமிடப் படகில் ஸ்கீர்மோனிகோக் தீவு. வெளியூர்க்காரர்கள் கார் கொண்டுபோக முடியாது என்பதே பாதி நிம்மதி. அங்கே கரண்டிவாயன் கூடு வைக்கிறது. வேடந்தாங்கலில் மரத்தின் மேல் பார்த்தே பழகிய எனக்கு, அது தரையில், உப்புச் சதுப்புச் செடிகளுக்கிடையில் கூடு வைத்துக் குஞ்சு வளர்ப்பது நம்ப முடியாத காட்சி.

குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். அப்போது வாத்துகள்தான், வடக்கே ருஷ்ய ஆர்க்டிக்கிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்து அதே மாட்டுப் புல்லை மேய்ந்துவிட்டுப் போகும். கூடவே கிராமத்து வீட்டுத் தோட்டங்களில் நீண்ட காதுத் தூவி கொண்ட ஆந்தைகள். பகலெல்லாம் ஒரே மரத்தில் பல ஆந்தைகள் சேர்ந்து தூங்கும். ஒரு வீட்டு வாசல் மரத்தில் அவை உட்கார்ந்திருப்பதை வீடியோவில் அம்மாவுக்குக் காட்டினேன்.

"ஐயையோ, வாசல்லயா? அந்த வீட்டுக்காரங்க விரட்டலையா?"

"இல்லம்மா. சத்தம் போடாதீங்கன்னு போர்டு வச்சிருக்காங்க."

"சரி, நீ அந்த மரத்துக்கு நேரா கீழ நிக்காத."

அதில் ஒரு நியாயம் இருக்கிறது. மரத்தடி முழுக்க ஆந்தைகள் கக்கிய எலி ரோமமும் எலும்பும்தான். அம்மா அதை நினைத்துச் சொல்லவில்லை.