குளிர்காலத்தில் கிரேட் ஓஷன் ரோடு

ஆஸ்திரேலியாவின் மெல்பர்னுக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பங்களில், எனக்குத் தெரிந்தவரை, பெரும்பாலானோர் கிரேட் ஓஷன் ரோடு என்ற கடற்கரைச் சாலையை டிசம்பர், ஜனவரி விடுமுறையில்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். ஊரிலிருந்து பெற்றோர் வந்திருப்பார்கள். விடியற்காலையில் சில கார்களில் ஒன்றாகக் கிளம்பி, ஒவ்வொரு பார்வை மேடையிலும் சற்று நேரம் நின்று படமெடுத்துக்கொண்டு, அன்றிரவே வீடு திரும்பிவிடுவார்கள். நாங்களும் வந்த புதிதில் அப்படித்தான் போய்வந்தோம். ஆனால் அந்தக் கடற்கரையோடு பழக வேண்டுமானால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்காலத்தில் போக வேண்டும், அதுவும் கையில் ஏதாவது ஒரு பொழுதுபோக்கோடு போக வேண்டும் என்பது இப்போது எங்கள் வீட்டில் யாரும் மறுக்காத கருத்து.

பொழுதுபோக்குகள் எங்களிடம் தாமாக வந்துசேரவில்லை. மாலை ஐந்தே கால் மணிக்கெல்லாம் இருட்டிவிடும் ஜூன் மாதத்தில், ஹீட்டர் முன்னால் முடங்கிக் கிடந்த முதல் குளிர்காலம் எங்களை வெகுவாகச் சோர்வடையச் செய்தது. அடுத்த ஆண்டு அப்படி இருக்கக் கூடாது என்ற பிடிவாதத்தில்தான் நான் பறவை நோக்குவதற்கு ஓர் இருநோக்கி வாங்கினேன், மனைவி ஒளிப்படக் கருவியைத் தூசி தட்டி எடுத்தார், மகள் நீர்வண்ணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள்.

டார்க்கியில் தொடங்கி அலன்ஸ்ஃபோர்டில் முடியும் அந்தச் சாலையின் நீளம் சுமார் 243 கிலோமீட்டர். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஏறக்குறைய 3,000 படைவீரர்கள், போரில் இறந்த தங்கள் தோழர்களின் நினைவாக, 1919 முதல் 1932 வரை கடப்பாறை, மண்வெட்டி, வெடிமருந்து ஆகியவற்றைக் கொண்டு பாறையைக் குடைந்து அமைத்த சாலை அது. கோடையில் முன்னும் பின்னும் வாகனங்கள் நெருக்கும்போது இந்தச் செய்தி ஈஸ்டர்ன் வியூவிலுள்ள நினைவு வளைவின் அடியில் எடுக்கும் குழுப்படத்தோடு முடிந்துவிடும். குளிர்காலத்தில் மழைத்தூறலில், ஒருபுறம் மலைச்சரிவும் மறுபுறம் பொங்கும் கடலுமாக வளைவுக்கு வளைவு மெதுவாக ஓட்டிச் செல்லும்போதுதான், இதைக் கைகளால் வெட்டியவர்கள் எத்தகைய காற்றில் நின்றிருப்பார்கள் என்பது உறைக்கிறது.

ஓட்டுவதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இங்கும் இடப்பக்கமே ஓட்டுவதால் நமக்குச் சிரமம் இருக்காது என்று நினைப்பது பாதிதான் சரி. குளிர்காலத்தில் பொழுது விடியவே ஏழரை மணிக்கு மேல் ஆகும். அந்தி சாய்ந்தால் சிறு கங்காரு போன்ற வாலபிகளும் கங்காருகளும் சாலைக்கு வரும். மழை வலுத்தால் மேட்டிலிருந்து மண்ணும் கல்லும் சரிவதுண்டு. ஆகவே வெளிச்சம் இருக்கும் ஒன்பதரை மணி நேரத்துக்குள் ஓட்டத்தை முடித்துக்கொண்டு, இடையில் அப்போலோ பே போன்ற ஓர் ஊரில் இரவு தங்குவதே நல்லது. பின்னால் வரும் உள்ளூர்க்காரரின் பொறுமையைச் சோதிக்காமல், அதற்கென்று விடப்பட்டிருக்கும் ஒதுங்குமிடங்களில் ஒதுங்கி வழிவிடுவதும் நாம் இங்கே பழகிக்கொள்ள வேண்டிய மரியாதைகளில் ஒன்று.

பெல்ஸ் பீச்சில், நாங்கள் கையுறையைக் கழற்றத் தயங்கிக்கொண்டிருக்க, அலைச்சறுக்கு வீரர்கள் பலகையோடு தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். தெற்குப் பெருங்கடலின் பெரிய அலைகள் குளிர்மாதங்களில்தான் வருகின்றன. ஏரீஸ் இன்லெட்டில், 1891-இல் கட்டப்பட்ட, சிவப்புத் தொப்பி போட்ட வெள்ளைக் கலங்கரை விளக்கத்தை மகள் வரைந்தாள். ஈரக்காற்றில் வண்ணம் காயவே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

கடலுக்குள் தூண்கள்போலத் தனித்தனியாக நிற்கும் பன்னிரு அப்போஸ்தலர் பாறைகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். பெயரில்தான் பன்னிரண்டே தவிர, 2005 ஜூலையில் ஒன்று சரிந்து விழுந்தபின் நிற்பவை எட்டுதான். நான் சொல்ல விரும்புவது அங்கே விழும் ஒளியைப் பற்றியது. ஜூன் கடைசியில் நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 28 பாகை உயரத்துக்கே ஏறுகிறது, அதுவும் வடக்கு வானில். ஆகவே சாய்ந்த ஒளி நிலத்தின் பக்கமிருந்து சுண்ணாம்புக்கல்லின்மேல் விழுந்து அதன் அடுக்கடுக்கான கோடுகளை நாள் முழுவதும் துலக்கிக் காட்டுகிறது. கோடையின் உச்சி வெயிலில் மனைவி எடுத்த பழைய படங்களில் அந்தக் கோடுகள் அநேகமாகத் தெரியவே இல்லை. வடக்குப் பார்த்த வீட்டுக்கு இங்கே ஏன் இவ்வளவு கிராக்கி என்பதும் எங்களுக்கு அன்று சேர்த்தே புரிந்தது.

அருகிலுள்ள லாக் ஆர்ட் கார்ஜ் என்ற குறுகிய பாறைப் பிளவில் நாங்கள் அதிக நேரம் நின்றோம். இங்கிலாந்திலிருந்து மெல்பர்ன் நோக்கி வந்த லாக் ஆர்ட் கப்பல், ஏறத்தாழ மூன்று மாதக் கடற்பயணத்துக்குப் பின், 1878 ஜூன் 1-ஆம் நாள் இங்கே பாறையில் மோதி மூழ்கியது. இருந்த 54 பேரில் தப்பியவர்கள் இருவர்தான்: கப்பலில் தொழில் பழகிக்கொண்டிருந்த டாம் பியர்ஸ், அயர்லாந்திலிருந்து குடும்பத்தோடு குடியேற வந்த ஈவா கார்மைக்கேல். பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் இழந்த ஈவா சில மாதங்களில் அயர்லாந்துக்கே திரும்பிவிட்டார். கோடையில் அந்தச் சிறு மணற்பரப்பில் குழந்தைகள் ஓடியாடுவார்கள்; குளிர்காலத்தில் அலை உள்ளே புகும் வேகத்தைப் பார்த்தால், தப்பியது இருவர் என்பதே வியப்பாக இருக்கிறது.

என் ஆசைக்குரிய இடம் வார்னம்பூல். தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாட்களில், விரித்த சிறகுகளின் அகலம் இரண்டு மீட்டரைத் தாண்டும் ஆல்பட்ராஸ் பறவைகள் கரைக்கு அருகே வருகின்றன. அவற்றைக் காணத் தொலைநோக்கியும் முக்காலியுமாக வந்திருந்த உள்ளூர் முதியவர்கள், காற்றுப் படாமல் பாறை மறைவில் உட்காரும்படி சொல்லி எனக்கு இடம் ஒதுக்கிக்கொடுத்தார்கள். எந்த நாட்டிலிருந்து வந்தவன், எத்தனை ஆண்டாக இங்கே இருக்கிறாய் என்று ஆரம்பிக்கும் வழக்கமான விசாரிப்பு எதுவும் இல்லாமல், அதோ, அலை முறியும் இடத்துக்கு அப்பால், இடப்பக்கம் என்று நேராகப் பறவையில் தொடங்கிய பேச்சு, மதியம்வரை பறவையை விட்டு விலகவே இல்லை. அலுவலகத்தில் ஆண்டுக்கணக்கில் கிடைக்காத சகஜம் அந்தப் பாறை இடுக்கில் கிடைத்தது.

லோகன்ஸ் பீச்சில் மனைவியின் முறை. ஜூன் முதல் செப்டம்பர் வரை சதர்ன் ரைட் வகைத் திமிங்கிலங்கள் கன்று ஈன்று வளர்ப்பதற்காக இந்தக் கரையோரத்துக்கு வருகின்றன. மரத்தால் கட்டிய மேடையில் நின்றபடி, படகு எதுவும் இல்லாமல், தாயும் கன்றும் புரள்வதைப் பார்க்கலாம். காத்திருப்பு நீளும், சில நாட்களில் ஒன்றுமே தென்படாது. அவற்றின் தலையிலுள்ள தடித்த திட்டுகளின் அமைப்பு ஒவ்வொரு திமிங்கிலத்துக்கும் தனித்தன்மையானது என்பதால், ஆய்வாளர்கள் அதைக் கொண்டே ஒவ்வொன்றையும் ஆண்டுதோறும் அடையாளம் கண்டு பதிவு செய்கிறார்கள். பொதுமக்கள் அனுப்பும் படங்களும் அந்தப் பதிவேட்டுக்குப் பயன்படுகின்றன. இதைக் கேட்டபின் மனைவி அந்த மேடையைவிட்டு நகர மறுத்துவிட்டார்.

மகளின் பங்குக்கு டவர் ஹில். வார்னம்பூலுக்கு மேற்கே சிறிது தூரத்திலுள்ள இந்தப் பழைய எரிமலை வாயை, 1855-இல் யூஜின் வான் கெரார்ட் என்ற ஓவியர் புல்லும் மரமும் தனித்தனியாகத் தெரியுமளவு நுணுக்கமாக வரைந்தார். பிற்காலத்தில் மேய்ச்சலாலும் கல்லுடைப்பாலும் மொட்டையாகிப்போன நிலத்தில், 1960-களில் மீண்டும் காடு வளர்க்க முற்பட்டபோது, எங்கே எந்த வகைச் செடி இருந்தது என்பதற்கு அந்த ஓவியத்தையே வழிகாட்டியாகக் கொண்டார்கள். இன்று அங்கே ஈமுக்கள் சாவகாசமாக உலவுகின்றன. அவற்றில் ஒன்று வரைபலகையை எட்டிப் பார்க்க வந்ததால் மகளின் ஓவியம் பாதியில் நின்றது.

திரும்பும்போது கடற்கரைச் சாலையைத் தவிர்த்து, கோலாக் வழியாகப் பிரின்சஸ் நெடுஞ்சாலையில் ஏறினால் மூன்று மணி நேரத்தில் மெல்பர்ன் வந்துவிடலாம். மனைவி தம் திமிங்கிலப் படங்களைப் பதிவேட்டுக்கு அனுப்பிவைத்தார். வால் அழகாக விழுந்திருக்கிறது, ஆனால் அடையாளம் காணத் தலைதான் வேண்டும் என்று கனிவாகப் பதில் வந்தது. அடுத்த ஜூலைக்குள் நீண்ட லென்ஸ் ஒன்று வாங்கியே தீர வேண்டும் என்று அவர் சொல்ல, அந்தப் பணத்தில் எனக்கொரு தொலைநோக்கி வாங்கலாமே என்று நான் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.