கீர்த்தனை கற்றுத்தந்த இறையியல்

1823 இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியின் வழிவந்த நம் யாழ்ப்பாணக் கல்லூரியில், ஓர்கனோடு நான்கு குரலாய்ப் பிரித்துப் பாடும் ஞானப்பாட்டும், பல்லவி, அனுபல்லவி, சரணமென இராகதாளத்தில் அமைந்த கீர்த்தனையும் வழிபாட்டில் ஒருங்கே ஒலித்தன. படைத்தவரின் சாயல் மனிதரிடம் உண்டென்பதை எனக்கு உணர்த்தியது கீர்த்தனைதான்.

அதற்கு நாம் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாருக்கே முதலில் கடமைப்பட்டிருக்கிறோம். 1774 இல் திருநெல்வேலியில் பிறந்து, தஞ்சாவூரில் மிஷனரி சுவார்ட்சிடம் வளர்ந்த அவர், கிறிஸ்தவர் தம் மண்ணின் இசையைத் துறக்கவேண்டும் என்று எண்ணவில்லை. குறத்தி குறிசொல்வதாய் அமைந்து, தெய்வத்தையும் தலைவனையும் பாடிவந்த குறவஞ்சி என்ற நாடகப் பாட்டை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். யாழ்ப்பாண மிஷனிலிருந்து 1834 இல் கிளைத்த மதுரை மிஷனின் எட்வேட் வெப், 1853 இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சேற்றினார்.

கிறிஸ்மஸ் ஒளிவிழா ஒத்திகையில் எங்கள் சங்கீத ஆசிரியர் ஹார்மோனியத்தை மூடிவிட்டுச் சுருதிப்பெட்டியை எடுப்பார். கட்டையை அழுத்தினால் சுவரம் வரும், சுவரத்தை அசைக்கும் கமகம் வராது என்பார். தோடி இராகத்தின் காந்தார சுவரத்தை அசைத்துக் காட்டி, பல்லவியின் ஒரே வரியை ஒவ்வொரு தடவையும் வேறொரு சங்கதியோடு, அதாவது மெட்டின் புதியதொரு வேறுபாட்டோடு, பாடுவார். எந்தப் பாட்டுப் புத்தகத்திலும் இல்லாத அந்தச் சங்கதி, அக்கணத்தில் எங்கள் கண்முன்னே பிறந்தது. யாத்திராகமம் 31 ஆம் அதிகாரத்தில் கடவுள் கைவினைஞனாகிய பெசலெயேலைத் தம் ஆவியினால் நிரப்பியது, பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்யவும் மரத்தைச் செதுக்கவுமே என்று பின்னர் வாசித்தபோது, அந்த ஆசிரியரே என் நினைவுக்கு வந்தார். கடவுள் இல்லாமையிலிருந்து படைக்கிறார். நாமோ அவர் தந்த ஒலியையும் மூச்சையும் கொண்டே புதியதொன்றை ஆக்குகிறோம். ஆயினும் அந்த ஆக்கும் விருப்பம் அவரிடமிருந்தே வந்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

எங்களுக்கு மிருதங்கம் வாசித்தவர் ஒரு சைவ மாணவர். திருநீற்று நெற்றியோடு தேவாலயத்தின் முன்வரிசையில் அமர்ந்து, பாடுவோரின் மூச்சறிந்து, சரணம் முடியும் இடத்தில் முடிப்புச் சொற்கட்டான தீர்மானத்தை வைப்பார். தேவசாயல் ஞானஸ்நானத்தோடு வருவதன்று, பிறப்போடு வருவது என்பதை அவரிடமே கண்டேன்.

இங்கே கனடாவில் நம் பிள்ளைகள் பலர் மிருதங்கமும் வயலினும் அரங்கேற்றம்வரை கற்கிறார்கள். ஆனால் நான் செல்லும் ஞாயிறு ஆராதனையில் கீபோர்டைத் தவிர வேறு வாத்தியம் கேட்பது அரிது. நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் அடுத்த ஒளிவிழாவில் அவர்கள் பக்கவாத்தியம் வாசிக்க ஒரு கீர்த்தனையேனும் பாடப்பட வேண்டுமென்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். பெத்லகேம் குறவஞ்சியின் ஒரு பகுதியையே எடுத்துக்கொண்டால் இன்னும் மகிழ்வேன்.