நடுத் தலைமுறையின் காகிதங்கள்

பிரிட்டனின் வம்சாவளி விசாவுக்கு ஆவணங்களைத் திரட்டிக் கோப்பாக்கித் தருவது என் வேலை. காமன்வெல்த் நாடொன்றின் குடிமகனாக இருந்து, தாத்தா பாட்டிகளில் ஒருவராவது பிரிட்டனில் பிறந்திருந்தால், அங்கே போய் ஐந்தாண்டு வேலை பார்க்க இந்த விசா இடம் தருகிறது. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தினர். தாத்தா ரயில்வேயிலோ கோலார் தங்கவயலிலோ வேலைக்கு வந்து இங்கேயே குடும்பமாகிப் போனவராக இருப்பார். லண்டனில் பிறந்தவர் கொள்ளுத்தாத்தா என்றால் விசாவுக்கு வழியில்லை. இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவேன். நம்பிக்கையைக் கொடுத்து ஒருவரை அலையவிடுவது பாவம்.

"தாத்தாவின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது?" என்றுதான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். உண்மையில் அதுதான் எளிது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை முதலே அரசு பிறப்புகளைப் பதிந்து வருகிறது. ஸ்காட்லாந்தில் 1855 முதல். பெயர், ஊர், உத்தேசமாக ஓர் ஆண்டு தெரிந்தால் அட்டவணையில் தேடிக் கட்டணம் கட்டி நகல் வாங்கிவிடலாம். இங்கிலாந்து, வேல்ஸின் பழைய அட்டவணை காலாண்டு வாரியானது. பதிவு செய்ய 42 நாள் அவகாசம் உண்டு என்பதால் மார்ச் மாதம் பிறந்த குழந்தை ஜூன் காலாண்டில் இருக்கக்கூடும். அயர்லாந்துக் குடும்பங்களுக்கு வேறொரு பயம்: 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்ததில் எல்லாம் போய்விட்டதோ என்று. உயில்களும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களும் பெருமளவில் எரிந்தன. அரசின் பிறப்புப் பதிவேடுகள் அங்கே இல்லாததால் தப்பின. அயர்லாந்தில் 1922 மார்ச் 31க்கு முன் பிறந்த தாத்தாவையும் விதி ஏற்றுக்கொள்கிறது.

கோப்பு நின்றுபோவது நடுவில், அப்பா அல்லது அம்மாவின் இடத்தில். நாடு முழுவதற்குமான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் நமக்கு 1969இல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்த பலருக்கு ஞானஸ்நானச் சான்று ஒன்றுதான் ஆதாரம். வெள்ளையர் ஆட்சியில் இங்கிருந்த பல தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவுகளைப் படியெடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அந்தப் படிகள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அதில் கிடைக்காதவர் பங்குத் தந்தையின் அலமாரியைத்தான் நம்ப வேண்டும்.

அம்மா வழியில் விண்ணப்பிப்பவர்களுக்குப் பெயர்ச் சிக்கலும் சேர்ந்துகொள்ளும். பிறந்த வீட்டில் ஒரு குடும்பப் பெயர், புகுந்த வீட்டில் இன்னொன்று. இரண்டையும் இணைப்பது திருமணப் பதிவு. ஒருவரின் கோப்பில் தாயின் ஞானஸ்நானச் சான்றில் மார்கரெட் என்றும் மகனின் பிறப்புச் சான்றிதழில் பெக்கி என்றும் இருந்தது. மார்கரெட்டைச் செல்லமாகப் பெக்கி என்று அழைப்பது வழக்கம்தான். ஆனால் வழக்கத்தைக் கோப்பில் இணைக்க முடியாது. தேவாலயத்துத் திருமணப் பதிவேட்டின் பக்கத்தை வரவழைத்தோம். மணமகள் பெயர் இருந்த இடத்தில் எழுத்தர் அழகான கையெழுத்தில் மார்கரெட் என்று எழுதியிருந்தார். கீழே மணமகளின் கையெழுத்து: பெக்கி. பக்கத்துக் கட்டத்தில் அவருடைய தந்தையின் பெயர், லண்டன் சான்றிதழில் உள்ளபடியே. மூன்று தலைமுறையும் அந்த ஒரு பக்கத்தில் கூடி நின்றன. மகன் அதைப் பார்த்துவிட்டு, அம்மா 'பி' எழுத்தைக் கடைசிவரை இப்படித்தான் எழுதினார் என்றார். இந்த வேலையில் எனக்குப் பிடித்தது இதுபோன்ற நேரங்கள்தான்.

சில குடும்பங்களில் காகிதத்தைவிடக் கூச்சம் பெரிய தடையாக இருக்கிறது. ஒரு பெண்மணி தாத்தா பாட்டியின் திருமணச் சான்றைத் தேடி ஒவ்வொரு தேவாலயமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். வெள்ளத்தில் போய்விட்டது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். தாத்தா வெள்ளைக்காரர், பாட்டி அவர் வீட்டில் வேலை பார்த்தவர். அம்மாவின் ஞானஸ்நானப் பதிவில் தந்தை என்று தாத்தாவின் பெயர் தெளிவாக இருந்தது. திருமணம் எங்கும் பதிவாகவில்லை. நான் நேரடியாகவே சொன்னேன்: திருமணம் நடந்திருந்தால்தான் சான்று கேட்பார்கள், தாத்தாவும் பாட்டியும் மணம் செய்துகொள்ளாமல் இருந்தாலும் வம்சாவளி உரிமை போகாது. தத்தெடுக்கப்பட்டவர்களுக்கும் இந்த உரிமை உண்டு. இவ்வளவு தெளிவான விதி அந்த வீட்டுக்கு எட்டவேயில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

விண்ணப்பத்துடன் வைக்கும் விளக்கக் கடிதத்தில், அவர்கள் மணம் செய்துகொள்ளவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதினோம். வரைவை வீட்டுக்கு எடுத்துப்போனவர் இரண்டு நாளில் திருப்பிக் கொண்டுவந்தார். அவருடைய அம்மா அதைப் படித்து, பாட்டியின் பெயரை மட்டும் அடித்துவிட்டு, தகப்பனார் பெயரோடு முழுப் பெயராகத் திருத்தி எழுதிக் கொடுத்திருந்தார்.