புதன்கிழமைக் கோழிக்குழம்பு: முக்கால் மணி நேரக் கணக்கு

வேலை நாளில், ராத்திரிச் சாப்பாட்டுக்கு, அரைத்து ஊற்றின கோழிக்குழம்பு. இதை எப்படியாவது சாத்தியமாக்க வேண்டும் என்று சில மாதங்களாகச் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் அம்மா, நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர். புதன்கிழமை மனைவி வேலை முடிந்து வர எட்டு மணி ஆகிவிடும் என்பதால் அன்றைக்கு அடுப்படி என் பொறுப்பு. நான் ஆறரைக்கு வீட்டுக்குள் நுழைவேன். ஏழேகாலுக்குச் சோறும் குழம்பும் இறங்கியிருந்தால்தான் சின்னவன் தூங்குவதற்குள் சாப்பிடுவான்.

எங்கள் ஊர் ஈரோடு. இந்தப் பக்கம் கோழிக்குழம்பு என்றால் செலவுச் சாமானை, அதாவது மல்லி, மிளகாய் மாதிரி மசாலாச் சாமானை, ஒவ்வொன்றாக வறுத்து, சின்ன வெங்காயத்தை வணக்கி (வதக்கி), தேங்காயோடு மைய அரைத்து ஊற்றுவதுதான். தக்காளி பேருக்குத்தான். அம்மா ஞாயிற்றுக்கிழமை வைத்தால் காலை பத்தரைக்குத் தொடங்கி பன்னிரண்டுக்கு முடியும். கடைப் பொடியைப் போட்டு இறக்கினால் அரை மணியில் வேலை முடியும், ஆனால் எல்லாக் குழம்புக்கும் ஒரே வாசம் வந்துவிடுகிறது. எனக்கு அம்மா வைக்கிற வாசமே வேண்டும், நேரம் மட்டும் குறைய வேண்டும்.

முதலில் நேரம் எங்கே போகிறது என்று கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். வெங்காயமும் பூண்டும் உரிக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் போகிறது. வறுத்து, ஆறவைத்து, அரைக்க இருபத்தைந்து நிமிடம். அரைத்த மசாலா பச்சை வாசம் போகக் கொதிக்க இன்னொரு கால் மணி. கோழி வேக மட்டும் இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

இது பிராய்லர் கோழி என்பதால்தான். பல்லடம், நாமக்கல் பக்கம் பண்ணையில் வளர்வது ஆறு வாரத்திலேயே இரண்டு கிலோவைத் தொட்டுவிடும். இளங்கறி, ஓடியாடி இறுகாத சதை. நாட்டுக்கோழி மாதக்கணக்கில் மேய்ந்து வளர்ந்தது. அதன் சதையைக் கட்டி வைத்திருக்கும் ஜவ்வு இளகிக் கரையவே முக்கால் மணி நேரம் கொதிக்க வேண்டும். அம்மிச்சி (அம்மாவின் அம்மா) காலத்துப் பக்குவம் முழுக்க அந்தக் கோழிக்கு வகுத்தது. கறியை முதலில் போடு, மஞ்சளும் உப்பும் போட்டு வேகவை, பிறகு மசாலாவை ஊற்று, இரண்டும் சேர்ந்து கொதிக்கட்டும். நாட்டுக்கோழிக்கு அது மிகச் சரி. பிராய்லரை அதே வரிசையில் போட்டால் மசாலா பச்சை வாசம் போவதற்குள் நெஞ்சுக்கறி நார்நாராகப் பிரிந்து சக்கையாகிவிடும். குக்கரில் போட்டு விசில் விடுவதும் இதே கதைதான்.

அதனால் வரிசையை மாற்றினேன். குழம்பு முழுசாகக் கொதித்துத் தயாரான பிறகுதான் கோழி உள்ளே போகும். நான் பிடித்துக்கொண்ட ஒரே விஷயம் இது. மற்றதெல்லாம் இதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் ஒதுக்குகிறேன். ஒரு கிலோ கறிக்கு என் கணக்கு: கொத்தமல்லி விதை மூன்று மேசைக்கரண்டி, வரமிளகாய் எட்டு, மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, சோம்பு அரை, கசகசா ஒரு தேக்கரண்டி, ஒரு துண்டு பட்டை, மூன்று கிராம்பு, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுக்க முடியாது. மல்லி நிறம் மாற நாலைந்து நிமிடம் பிடிக்கும், கசகசா அரை நிமிடத்திலேயே கருகும். சின்ன தீயில் மல்லியைப் போட்டுக் கிளறிக்கொண்டே இருந்தால் முதலில் ஈர வாசம்தான் வரும். பிறகு திடீரென்று எலுமிச்சைத் தோலைக் கிள்ளின மாதிரி ஒரு வாசம் கிளம்பும். விதை லேசாகச் சிவந்து, விரலில் வைத்து நசுக்கினால் நொறுங்கும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போனால் குழம்பு கறுத்துக் கசக்கும். அடுப்பை அணைத்த சூட்டிலேயே கசகசாவும் கறிவேப்பிலையும் வறுபட்டுவிடும். நன்றாக ஆறின பிறகு பொடித்து, ஈரமில்லாத பாட்டிலில் போட்டுவைக்கிறேன்.

தேங்காயையும் சேர்த்து வறுத்துப் பொடித்து வைத்துப் பார்த்தேன். நாலைந்து நாளில் லேசாகக் காறல் வாடை தட்டியது. இப்போது அரை மூடித் தேங்காயைத் தனியாக மைய அரைத்து ஃபிரீசரில் வைத்துவிடுகிறேன். புதன்கிழமை காலையில் எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்தால் சாயங்காலம் இளகியிருக்கும். சின்ன வெங்காயம் கால் கிலோ உரித்து மூடி போட்ட டப்பாவில் போட்டால் புதன்வரை நன்றாகவே இருக்கிறது. அம்மா டிவி பார்த்துக்கொண்டே உரித்துக் கொடுத்துவிடுவார்.

கறி வாங்குவது வேலை முடிந்து வரும் வழியில். தோலெடுத்து, எலும்போடு, குழம்புக்குச் சின்னதாக வெட்டித் தரச் சொல்வேன். நெஞ்சுக்கறியைத் தனிப் பையில் போடச் சொல்வது முக்கியம். கறியைக் கழுவவே வேண்டாம், கழுவும்போது தெறிக்கும் தண்ணீரில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் சுற்றிலும் பரவும், வேகும் சூட்டிலேயே அவை செத்துவிடும் என்கிறார்கள். அது உண்மைதான். ஆனாலும் எங்கள் வீட்டில் கழுவாத கறி அடுப்பேறாது. அதனால் குழாயடியில் பிடிக்காமல் ஒரு குண்டாவில் தண்ணீர் வைத்து மெதுவாக அலசி எடுத்துவிட்டு, தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுகிறேன்.

அலசின கையோடு கறியில் முக்கால் தேக்கரண்டி உப்பும் மஞ்சள்தூளும் பிசறி வைத்துவிட வேண்டும். நீண்ட நேரம் கொதிக்கிற குழம்பில் உப்பு தானாகவே கறிக்குள் இறங்கிவிடும். இங்கே கறி குழம்பில் கிடப்பது பதினெட்டு நிமிடம்தான். முன்னமே பிசறவில்லை என்றால் குழம்பு ருசியாக இருக்கும், கடித்தால் கறி சப்பென்று இருக்கும். மஞ்சளுக்கு எங்களுக்கு அலைச்சலே இல்லை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின ஈரோட்டு மஞ்சளை வருடத்துக்கு ஒருமுறை கிழங்காக வாங்கி அரைத்து வைத்துவிடுவோம்.

உள்ளே நுழைந்ததும் முதல் வேலை இரண்டு டம்ளர் பொன்னிப் புழுங்கலரிசியை ஊறப்போடுவது. பிறகு வடச்சட்டியில் மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய். வெங்காயத்தில் பாதியை முழுசாகவும் மீதியை ஒன்றிரண்டாகத் தட்டியும் போட்டு, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து வணக்குகிறேன். தட்டின வெங்காயம் சீக்கிரம் சிவந்து குழம்புக்கு உடம்பு கொடுக்கும், முழு வெங்காயம் கடைசியில் சோற்றோடு சேர்த்து மெல்லக் கிடைக்கும். இஞ்சி பூண்டு விழுது, ஒரே ஒரு தக்காளி, அது குழைந்ததும் தீயைக் குறைத்துப் பொடி. பொடியை எண்ணெயில் ஒரு நிமிடம் புரட்ட வேண்டும். மசாலாவின் வாசமும் நிறமும் பெரும்பாலும் எண்ணெயில்தான் கரையும். நேரே தண்ணீரில் கரைத்து ஊற்றினால் அந்தச் சிவப்பு வராது. மூன்று டம்ளர் வெந்நீர் ஊற்றி மூடிவைத்து எட்டு நிமிடம் கொதிக்க விடுகிறேன்.

கொதியைக் கவனித்தால் நேரம் பார்க்கவே தேவையில்லை. ஆரம்பத்தில் நுரை வெளுப்பாக, சின்னச் சின்னதாகப் பொங்கும், மூக்கை ஏறுகிற ஒரு நெடி இருக்கும். போகப்போக நுரை அடங்கி, குமிழ் பெரிதாகி, சத்தம் கனத்துப் ‘பொளக் பொளக்’ என்று கேட்கும். ஓரத்தில் சிவப்பாக எண்ணெய் கோடு கட்டும். அப்போது காலும் தொடையும் முதுகும் உள்ளே. ஏழு நிமிடம் கழித்து நெஞ்சுக்கறி. எல்லாம் சேர்ந்து பதினேழு, பதினெட்டு நிமிடம், மூடி போட்டு, தளதளவென்று கொதிக்காத தீயில். தொடையில் பெரிய துண்டு ஒன்றை எடுத்து எலும்போரம் கத்தியால் குத்தினால் சாறு தெளிவாக வர வேண்டும். உள்ளே 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏறியிருந்தால் கறி பாதுகாப்பாக வெந்த கணக்கு. வெப்பமானி வைத்துப் பார்த்த நாட்களில் பதினைந்தாவது நிமிடமே அதைத் தாண்டியிருந்தது. கடைசியில் தேங்காய் விழுது, மூன்று நிமிடம், கறிவேப்பிலையைக் கிள்ளிப்போட்டு இறக்கிவிடலாம்.

சோறு இதற்கிடையே தானாக ஆகிறது. இருபது நிமிடம் ஊறின அரிசி, ஒன்றுக்கு மூன்று தண்ணீர், நாலு விசில். குழம்பு இறங்கும்போது குக்கர் அடங்கிக்கொண்டிருக்கும். மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னியை 1986-ல் வெளியிட்டது பக்கத்துக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம்தான். பல ரகம் மாற்றிப் பார்த்துவிட்டேன். இந்தத் தளர்ந்த குழம்பை உள்ளே வாங்கிக்கொண்டும் குழையாமல் நிற்பது பொன்னிப் புழுங்கல்தான். பாசுமதிக்கும் இந்தக் குழம்புக்கும் ஒத்துவரவில்லை.

பொடி தீர்ந்துபோன வாரம் பள்ளிபாளையம் கறி செய்தேன். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் அந்த ஊர். அரைத்த மசாலா எதுவும் கிடையாது. விதையை உதறின வரமிளகாய், நிறையச் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, பல்லுப் பல்லாகக் கீறின தேங்காய், உப்பு, மஞ்சள் அவ்வளவே. கறி தன் தண்ணீரிலேயே வெந்து சுண்ட வேண்டும். இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆனால் சோற்றுக்குப் பிசைய ஒன்றும் இருக்காது, ரசம் வைத்தாக வேண்டும். பிள்ளைகளுக்கு அந்தத் தேங்காய்த் துண்டுகளைப் பொறுக்கித் தின்பதுதான் சாப்பாடே.

அங்கே கற்றுக்கொண்ட ஒன்றைக் குழம்புக்கும் கொண்டுவந்தேன். இப்போது பொடிக்கும் மிளகாய் விதையை உதறிவிடுகிறேன். நிறம் அப்படியே இருக்கிறது, சின்னவன் தண்ணீர் கேட்காமல் சாப்பிடுகிறான். பெரியவர்களுக்கு மேலே கொஞ்சம் மிளகுத்தூள் தூவிக்கொண்டால் போதும்.

அம்மா போன புதன் சாப்பிட்டுவிட்டு, “வாசம் நம்மூட்டு வாசமேதான். கறிதான் இன்னும் கொஞ்சம் கொழம்புல கெடக்கோணும் கண்ணு” என்றார். அவர் சொன்னதும் சரிதான். எட்டு மணிக்கு மேல் வந்து சாப்பிட்ட மனைவியின் தட்டில் இருந்த கறியில் காரம் நன்றாகவே இறங்கியிருந்தது. “எனக்கு நல்லாத்தானுங்க இருக்குது, நீங்கதான் பறக்கறீங்க” என்றாள். அடுப்பிலிருந்து இறக்கி மூடியே வைத்தால் கறி மேற்கொண்டு நாராகாமல் ஊறுகிறது. ஆகவே இந்த வாரம் வெங்காயத்தைக் காலையிலேயே தட்டி வைத்துவிட்டு, குழம்பை ஏழு மணிக்கே இறக்கி, கால் மணி நேரம் மூடியைத் திறக்காமல் விட்டுப் பார்க்கப் போகிறேன். நாட்டுக்கோழியை வார நாளில் வைக்க முடியுமா என்று பெரியவள் கேட்டிருக்கிறாள். அதற்குக் கறியை மட்டும் காலையில் குக்கரில் வேகவைத்து, அந்தச் சாற்றையே வெந்நீருக்குப் பதிலாக ஊற்றலாம் என்று யோசித்து வைத்திருக்கிறேன்.